பழைய ஜிபிஎஸ்ஸை யூஎஸ்பி லேப்டாப்போடு பேசவைப்பது: அறிகுறி பார்த்துப் பழுது நீக்கும் வழிமுறை

தொண்டியிலிருந்து மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம் என்று சுற்றி ஏர்வாடி, மூக்கையூர் வரை, நாட்டுப்படகிலும் விசைப்படகிலும் பழைய கார்மின் கையடக்க ஜிபிஎஸ் இன்னும் கண்ணில் படுகிறது. ஜிபிஎஸ் 12, ஜிபிஎஸ் 72, ஜிபிஎஸ் 76, மஞ்சள் உடம்பு ஈட்ரெக்ஸ் ஆகியவைதான் அதிகம். இவற்றில் யூஎஸ்பி கிடையாது. நான்கு தொடுமுனை கொண்ட சீரியல் வாய் மட்டும்தான். இன்றைய லேப்டாப்பிலோ சீரியல் வாய் கிடையாது. நடுவில் ஒரு கன்வெர்ட்டர் போட்டுத்தான் இரண்டையும் சேர்க்க வேண்டும்.

அந்த ஜிபிஎஸ்ஸுக்குள் இருக்கும் பாயிண்டுகளுக்காக, அதாவது சேமித்த இடக் குறிப்புகளுக்காகத்தான் இத்தனை பாடு. பார் (கடலடிப் பாறைத் திட்டு) எங்கே தொடங்குகிறது, வலை எங்கே கிழிந்தது, மூழ்கிய படகு எங்கே கிடக்கிறது, இருட்டில் எந்த வழியாகக் கரை சேர வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் சேர்த்த கணக்கு அது. திரை மங்கி, ரப்பர் பொத்தான் வெடித்து ஒருநாள் கருவி நின்றுவிட்டால் அதோடு எல்லாம் போய்விடும். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகு கரையில் நிற்கும் அந்த நாட்களில் இந்த வேலையை முடித்துவிடலாம்.

பழுது பார்க்கும்போது மனதில் வைக்க வேண்டியது ஒன்று. லேப்டாப்பும் கன்வெர்ட்டரும் ஒரு பகுதி, கேபிளும் அதன் முனையும் ஒரு பகுதி, ஜிபிஎஸ் மூன்றாவது பகுதி. கோளாறு பெரும்பாலும் முதல் இரண்டில்தான் இருக்கும். ஆனால் பலரும் மூன்றாவதைத்தான் முதலில் திறக்கிறார்கள், ரீசெட் செய்கிறார்கள். கீழே உள்ள வரிசை அதைத் தவிர்ப்பதற்காகவே.

தொடங்கும் முன் செய்யக் கூடாதவை

மாஸ்டர் ரீசெட் செய்யாதீர்கள். பொத்தான்களைச் சேர்த்து அழுத்தும் அந்த ரீசெட், பாயிண்டு, ரூட் (போட்டு வைத்த வழி), ட்ராக் (போய் வந்த தடம்) மூன்றையும் துடைத்துவிடும். பாயிண்டுகளை இறக்கிப் பத்திரப்படுத்திய பிறகுதான் அதைப் பற்றி யோசிக்கவே வேண்டும்.

ஜிபிஎஸ் 12 போன்ற பழைய மாடலில் நினைவகத்தைக் காப்பது உள்ளே இருக்கும் ஒரு சிறிய லித்தியம் பேட்டரி. வயதான கருவியில் அது செத்திருக்கலாம். அப்படியானால் பென்சில் பேட்டரிகளைக் கழற்றிய சிறிது நேரத்தில் பாயிண்டுகள் போய்விடும். ஆகவே கருவி இப்போது ஓடிக்கொண்டிருந்தால், "புது பேட்டரி போட்டுவிட்டு ஆரம்பிக்கலாம்" என்று கழற்றாமல், இருக்கும் பேட்டரியிலேயே முதலில் இறக்குங்கள். மாற்றியே ஆக வேண்டிய நிலை வந்தால் புது பேட்டரிகளைக் கையில் தயாராக வைத்துக்கொண்டு, கழற்றிய உடனே போடுங்கள். பாம், ஐபேக் மாதிரியான பழைய கையடக்கக் கணினிகளிலும் இதே ஆபத்து உண்டு. 2005க்கு முந்தைய பாக்கெட் பிசி கருவிகள் பயனர் தகவலை ராமில் வைத்திருக்கும். சார்ஜ் முழுக்க இறங்கினால் தகவலும் போய்விடும்.

மூன்றாவது, மின்சாரம். தகவல் இறக்க நான்கு கம்பியும் தேவையில்லை. தகவல் வெளியே வருவது, உள்ளே போவது, கிரவுண்டு என்று மூன்று போதும். நான்காவது, பவர் கம்பி. அதை வெட்டி, இன்சுலேஷன் டேப் சுற்றி ஒதுக்கிவிடுங்கள். ஈட்ரெக்ஸின் பவர் முனை ஏற்பது 3 வோல்ட் மட்டுமே. யூஎஸ்பியின் 5 வோல்ட்டே அதற்கு அதிகம், படகு பேட்டரியின் 12 வோல்ட்டைக் கொடுத்தால் கதை முடிந்தது. வட்ட முனை உள்ள மாடல்களுக்குள்ளேயே ஏற்கும் வோல்டேஜ் ஆளுக்கு ஆள் வேறு. முனை பொருந்துகிறது என்பதால் பக்கத்துப் படகின் பவர் கேபிளை வாங்கிச் செருகக் கூடாது.

மேசையில் இருக்க வேண்டியவை

உண்மையான ஆர்எஸ்-232 (பழைய சீரியல் வாயின் வோல்டேஜ் முறை) அளவு தரும் யூஎஸ்பி-சீரியல் கன்வெர்ட்டர் ஒன்று. ஒன்பது முள் உள்ள டிபி-9 தலையோடு வருவது அது. உள்ளே எஃப்டி-232 அல்லது சிபி-2102 சிப் இருந்தால் தொல்லை குறைவு. உங்கள் மாடலுக்குப் பொருந்தும் சீரியல் கேபிள் ஒன்று. ஜிபிஎஸ் 12, 72, 76க்கு வட்ட முனை, ஈட்ரெக்ஸுக்குப் பின்பக்கம் சறுக்கிச் செருகும் தட்டை முனை. இவை தவிர மல்டிமீட்டர், இரண்டு முள்ளை இணைக்க ஒரு துண்டுக் கம்பி, டிஸ்டில்டு வாட்டர், ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், பழைய பல்துலக்கி, பஞ்சுக் குச்சி.

மென்பொருளில் இரண்டு போதும், இரண்டும் இலவசம். பாயிண்டுகளை இறக்க ஜிபிஎஸ்பேபல். கம்பியில் என்ன வருகிறது என்று கண்ணால் பார்க்க புட்டி போன்ற டெர்மினல்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் லூப்பேக் சோதனையில் தொடங்குங்கள். ஜிபிஎஸ்ஸைத் தொடவே வேண்டாம். கன்வெர்ட்டரை லேப்டாப்பில் செருகி, டிபி-9 தலையின் 2ஆம் முள்ளையும் 3ஆம் முள்ளையும் துண்டுக் கம்பியால் சேருங்கள். டெர்மினலில் கன்வெர்ட்டரின் போர்ட்டைத் திறந்து, லோக்கல் எக்கோவும் (தட்டியதை டெர்மினல் தானே திரையில் காட்டுவது) ஃப்ளோ கன்ட்ரோலும் அணைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ஏதாவது தட்டுங்கள். தட்டியது திரையில் வந்தால் லேப்டாப், டிரைவர், கன்வெர்ட்டர் மூன்றும் நலம். கம்பியை எடுத்ததும் எழுத்து வருவது நிற்க வேண்டும். நிற்காவிட்டால் லோக்கல் எக்கோ உங்களை ஏமாற்றுகிறது என்று அர்த்தம்.

கன்வெர்ட்டரைச் செருகியும் போர்ட் தோன்றவில்லை

விண்டோஸில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு செருகுங்கள். பட்டியல் அசையவே இல்லையென்றால் யூஎஸ்பி பக்கம்தான் கோளாறு. தனி கேபிள் உள்ள கன்வெர்ட்டராக இருந்தால், அது சார்ஜ் மட்டும் செய்யும் கேபிளா என்று பாருங்கள். அதற்குள் தகவல் கம்பியே இருக்காது.

பட்டியலில் மஞ்சள் முக்கோணத்தோடு வந்தால் டிரைவர் பிரச்சினை. எந்தச் சிப் என்று தெரிந்தால்தான் வழி தெரியும்.

பிஎல்-2303: இந்தச் சிப்பின் பழைய வகைகளையும் அவற்றைப் பார்த்துச் செய்த போலிகளையும் புதிய டிரைவர் ஏற்பதில்லை. பிழைக் குறியீடு 10 (கோட் 10) என்று நிற்கும், அல்லது இந்த வகை 2012 முதல் கைவிடப்பட்டது என்று பெயரிலேயே எழுதிக் காட்டும். சிப் கெடவில்லை, டிரைவர்தான் மறுக்கிறது. 2008இல் வந்த 3.3.2 வரிசை டிரைவரை நிறுவி, டிவைஸ் மேனேஜரில் "நானே தேர்ந்தெடுக்கிறேன்" என்ற வழியில் அதைப் பிடித்துக்கொடுத்தால் ஓடும். விண்டோஸ் அப்டேட் வந்து புதியதைத் திணித்தால் திரும்பவும் அதே வேலை. அடிக்கடி பயன்படுத்துபவர்கள் வேறு சிப் உள்ள கன்வெர்ட்டர் வாங்கிவிடுவதே நிம்மதி.

எஃப்டி-232: அசல் என்றால் செருகியதும் வேலை செய்யும். போலி என்றால் வேறு மாதிரித் தொல்லை. 2014 அக்டோபரில் விண்டோஸ் அப்டேட் வழியாக வந்த டிரைவர், போலிச் சிப்பின் அடையாள எண்ணைப் பூஜ்யமாக்கிவிட்டது. அப்படி மாட்டிய சிப்பை விண்டோஸ் அடையாளம் காணாது. 2016இல் வந்த இன்னொரு டிரைவர், தகவலுக்கு நடுவில் "இது அசல் அல்ல" என்ற பொருளில் ஆங்கில வாசகத்தைச் செருகியது. டெர்மினலில் ஜிபிஎஸ் வரிகளுக்குப் பதில் அந்த வாசகம் ஓடினால் காரணம் அதுதான்.

சிஎச்-340: விலை குறைவு, வேலைக்குக் குறைவில்லை. ஆனால் உபுண்டு 22.04இல் போர்ட் ஒரு நொடி தோன்றி மறையும். பிரெய்ல் கருவிகளுக்கான பிஆர்எல்டிடிஒய் என்ற சேவை, இந்தச் சிப்பைப் பிரெய்ல் கருவி என்று நினைத்துப் பிடித்துக்கொள்வதால் வரும் வினை. வீட்டில் பிரெய்ல் திரை பயன்படுத்துபவர் இல்லையென்றால் அந்தத் தொகுப்பை நீக்கிவிடலாம்.

லினக்ஸில் போர்ட் இருந்தும் "அனுமதி இல்லை" என்று வந்தால், உங்கள் பயனரை டயல்அவுட் குழுவில் சேர்த்து, வெளியேறி மறுபடி நுழையுங்கள்.

போர்ட் நன்றாகத் தெரிகிறது, ஆனால் பழைய வரைபட மென்பொருளின் பட்டியலில் மட்டும் அது இல்லையா? விண்டோஸ் அதற்குக் கொடுத்த காம் எண்ணைப் பாருங்கள். காம் 14, காம் 22 என்று பெரிய எண் விழுந்திருக்கும். பழைய மென்பொருள்கள் சில அவ்வளவு தூரம் தேடாது. போர்ட்டின் அட்வான்ஸ்டு பக்கத்தில் 3 அல்லது 4 என்று மாற்றுங்கள்.

லூப்பேக் சரி, ஆனால் ஜிபிஎஸ் வாய் திறக்கவில்லை

இதில்தான் அதிகம் பேர் மாட்டுகிறார்கள். காரணங்களை, அடிக்கடி நேரும் வரிசையில் சொல்கிறோம்.

முதல் காரணம் பழுதே அல்ல. ஜிபிஎஸ்ஸின் இன்டர்ஃபேஸ் பக்கத்தில் "கார்மின்" என்று வைத்திருந்தால், கேட்டால்தான் அது பேசும். டெர்மினலில் பார்த்தால் வெறும் கறுப்புத் திரைதான். கேபிள் நலமா என்று பார்க்க, அந்த அமைப்பை "என்எம்இஏ" (கடல் கருவிகள் இடத்தை வரிவரியாகச் சொல்லும் பொது முறை) என்று மாற்றி, டெர்மினலை 4800 பாட் (வேகம்), 8 பிட், பாரிட்டி இல்லை, 1 ஸ்டாப் பிட் என்று வையுங்கள். சில நொடிகளில் டாலர் குறியில் தொடங்கும் வரிகள் ஓட வேண்டும். ஓடினால் கருவி பேசும் திசை சரி. டெர்மினலை மூடி, இன்டர்ஃபேஸைத் திரும்பவும் "கார்மின்" என்று மாற்றிய பிறகு ஜிபிஎஸ்பேபலை ஓட்டுங்கள். என்எம்இஏவில் விட்டுவிட்டுப் பாயிண்டுகளை இறக்கப் பார்த்தால் நேரம் கடந்து தோல்வி என்றுதான் வரும். டெர்மினலை மூடாவிட்டாலும் அதேதான், ஒரு போர்ட்டை ஒரு நேரத்தில் ஒருவர்தான் பிடிக்க முடியும்.

இதற்கு சாட்டிலைட் பிடிக்கத் தேவையில்லை. கடைக்குள்ளேயே சிமுலேட்டர் அல்லது டெமோ நிலையில் வைத்து இறக்கலாம், பேட்டரியும் மிச்சம். ஆனால் வேலை முடிந்ததும் அணைத்து மறுபடி போட்டு, வெட்டவெளியில் நிஜ இடத்தைக் காட்டுகிறதா என்று பார்த்த பிறகே கருவியைப் படகுக்கு அனுப்புங்கள். சிமுலேட்டர் காட்டும் பொய் இடத்தோடு யாரும் கடலுக்குப் போகக் கூடாது.

இரண்டாவது காரணம் உப்பு. கருவியின் தொடுமுனைகளில் பச்சைக் களிம்போ வெள்ளைப் பொரியோ தெரியும். சில சமயம் கண்ணுக்கு எதுவும் தெரியாது, ஆனாலும் மெல்லிய உப்புப் படலம் இருக்கும். பலரும் நேரே ஆல்கஹாலால் துடைக்கிறார்கள். ஆல்கஹாலில் உப்பு சரியாகக் கரையாது, அது உப்பை இடம் மாற்றித் தேய்க்கும், அவ்வளவுதான். முதலில் டிஸ்டில்டு வாட்டரில் நனைத்த பல்துலக்கியால் தேய்த்து உப்பைக் கரைத்து எடுங்கள். களிம்பு விடாப்பிடியாக இருந்தால் நீர் கலந்த வினிகரைப் பஞ்சுக் குச்சியில் தொட்டு அந்த இடத்தில் மட்டும் வைத்து, உடனே தண்ணீரால் கழுவுங்கள். கடைசியில்தான் ஆல்கஹால். அது தண்ணீரை விரட்டிச் சீக்கிரம் காயவைக்கும். உப்புத்தாள் போடவே கூடாது. மேலே இருக்கும் மெல்லிய தங்க முலாம் போய்விட்டால் அடுத்த வாடைக் காலத்துக்குள் முனை அரித்துப்போகும். மண்ணெண்ணெய், டீசல் இரண்டும் ரப்பர் மூடியை உப்பவைக்கும்.

கேபிள் முனைக்கும் இதே வைத்தியம். பழைய முனையின் ஸ்பிரிங் தொடுமுனைகள் தளர்ந்திருந்தால், ஊசியால் ஒரு மயிரிழை வெளியே நெம்பிவிடுங்கள். வேகமாக நெம்பினால் உடையும்.

மூன்றாவது, கம்பி மாறிப்போனது. கையால் செய்த கேபிளில் இது சகஜம். ஜிபிஎஸ்ஸிலிருந்து வெளியே வரும் கம்பி டிபி-9 தலையின் 2ஆம் முள்ளுக்கும், ஜிபிஎஸ்ஸுக்குள் போகும் கம்பி 3ஆம் முள்ளுக்கும், கிரவுண்டு 5ஆம் முள்ளுக்கும் போக வேண்டும். கம்பியின் நிறத்தை நம்ப வேண்டாம், செய்தவர் கையில் கிடைத்த கம்பியைப் போட்டிருப்பார். மல்டிமீட்டரைத் தொடர்ச்சி சோதனையில் வைத்து, முனையிலிருந்து முள்வரை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள். உங்கள் மாடலின் கையேட்டில் முனைப் படம் இருக்கும். அந்தப் படம் கருவியின் வாயை எதிரிலிருந்து பார்ப்பதா, கேபிளின் முகத்தைப் பார்ப்பதா என்று கவனியுங்கள். இடவலம் மாறினால் பவர் முனையில் தகவல் கம்பி போய் நிற்கும்.

என்எம்இஏ வரிகள் வருகின்றன, ஆனால் பாயிண்டு மட்டும் இறங்கவில்லை என்றால், கருவிக்குள் போகும் கம்பி அறுந்திருக்கிறது. கருவி பேசுகிறது, நாம் கேட்பது அதன் காதில் விழவில்லை. 3ஆம் முள் தடத்தை மட்டும் தேடினால் போதும். முனைக்குப் பக்கத்தில், கேபிள் மடங்கும் இடத்தில்தான் பெரும்பாலும் அறுந்திருக்கும்.

குப்பை எழுத்துகள் வருகின்றன

வேகத்தை முதலில் பாருங்கள். என்எம்இஏ என்றால் 4800, கார்மின் முறை என்றால் 9600. வேகம் சரியாக இருந்தும் குப்பை வந்தால், பெரும்பாலும் நீங்கள் வாங்கியது டிடிஎல் மாட்யூல், அதாவது பிளஸ் வோல்டேஜில் மட்டும் பேசும் கன்வெர்ட்டர். டிபி-9 தலை இல்லாமல், வெறும் ஊசிகளோடு சிறு பலகையாக விற்கும் அது, மைக்ரோகன்ட்ரோலர்களுக்காகச் செய்தது.

மீட்டரில் தெரிந்துகொள்ளலாம். எதுவும் அனுப்பாதபோது கன்வெர்ட்டரின் அனுப்பும் முள்ளைக் கிரவுண்டோடு ஒப்பிட்டு அளந்து பாருங்கள். மைனஸ் 5 வோல்ட் அளவில் காட்டினால் உண்மையான ஆர்எஸ்-232. பிளஸ் 3.3 அல்லது பிளஸ் 5 என்றால் டிடிஎல். இரண்டுக்கும் 0, 1 தலைகீழ். ஜிபிஎஸ் சும்மா இருப்பதை டிடிஎல் மாட்யூல் பேச்சு என்று எடுத்துக்கொள்ளும், பேச்சைத் தலைகீழாகப் படிக்கும்.

தீர்வு இரண்டு. நடுவில் மேக்ஸ்-3232 பலகை ஒன்றைப் போடலாம். டிடிஎல் பக்கம் மாட்யூலுக்கும் ஆர்எஸ்-232 பக்கம் ஜிபிஎஸ்ஸுக்கும் போகும். சிப்பைத் தனியாக வாங்கிச் சாலிடர் செய்தால் 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஐந்து வேண்டும், நான்கு சார்ஜ் பம்புக்கு, ஒன்று சப்ளைக்கு. மாட்யூலில் இருப்பது அசல் எஃப்டி-232ஆர் என்றால் இன்னொரு வழி உண்டு. எஃப்டி புரோக் என்ற மென்பொருளில் அனுப்பும் முள், பெறும் முள் இரண்டையும் தலைகீழாக்கி எழுதிவிடலாம். ஆனால் மாட்யூலின் முள் மைனஸ் வோல்டேஜைத் தாங்காது. ஜிபிஎஸ்ஸின் வெளிவரும் கம்பி மைனஸ் போகிறதா என்று அளந்து பார்த்த பிறகே இந்த வழிக்கு வாருங்கள். போனால் மேக்ஸ்-3232தான்.

வரிகள் பாதி சரியாகவும் பாதி உடைந்தும் வந்தால் கிரவுண்டு தொடர்பு சரியில்லை. 5ஆம் முள் சாலிடரைப் புதுப்பியுங்கள்.

ஜிபிஎஸ்ஸைச் செருகியதும் மவுஸ் தானாகத் துள்ளுகிறது

லேப்டாப்பில் வைரஸ் என்று பயப்பட வேண்டாம். என்எம்இஏ வரிகள் ஓடிக்கொண்டிருக்கும்போது கன்வெர்ட்டரைச் செருகினால், விண்டோஸ் அதைப் பழைய காலத்து சீரியல் மவுஸ் என்று எண்ணி, வரும் ஒவ்வொரு எழுத்தையும் மவுஸ் அசைவாக எடுத்துக்கொள்ளும். சுட்டி மூலைக்கு மூலை பாயும், எதையாவது கிளிக் செய்தும் வைக்கும். கேபிளைப் பிடுங்கினால் நின்றுவிடும்.

ஜிபிஎஸ்ஸை அணைத்துவிட்டு, கன்வெர்ட்டரை முதலில் செருகி, போர்ட் தோன்றிய பிறகு ஜிபிஎஸ்ஸைப் போடுங்கள். ஒருமுறை மாட்டிவிட்டால், டிவைஸ் மேனேஜரில் மவுஸ் பிரிவில் மைக்ரோசாஃப்ட் சீரியல் பால்பாயிண்ட் என்று ஒன்று வந்திருக்கும். அதை டிசேபிள் செய்யுங்கள். அன்இன்ஸ்டால் செய்தால் அடுத்த முறை திரும்ப வந்து நிற்கும். எஃப்டி-232 சிப் உள்ள கன்வெர்ட்டரில் அட்வான்ஸ்டு பக்கத்தில் சீரியல் எனுமரேட்டர் என்ற பெட்டியின் டிக்கை எடுத்துவிட்டால் இந்தத் தொல்லை அடியோடு போகும்.

இறங்கத் தொடங்கிப் பாதியில் நிற்கிறது

9600 வேகத்தில் 500 பாயிண்டு இறங்க ஓரிரு நிமிடம் போதும். ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் நின்றால் தொடர்புக் கோளாறு: முனை ஆடுகிறது. கருவியை மேசையில் கிடத்தி, கேபிள் இழுக்காதபடி டேப் போட்டு நிறுத்திவிட்டு மறுபடி முயலுங்கள். ஒவ்வொரு முறையும் அதே பாயிண்டில் நின்றால், அந்தப் பாயிண்டின் பதிவு கெட்டிருக்க வாய்ப்பு உண்டு. அதற்கு முன்னும் பின்னும் உள்ளவற்றைக் கருவியின் திரையில் பார்த்துக் காகிதத்தில் எழுதிக்கொண்டு, அந்த ஒன்றை மட்டும் கையால் அழித்துவிட்டுப் பாருங்கள்.

படகிலேயே வைத்து இறக்குபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இன்ஜின் ஓடும்போதும் ஸ்டார்ட் செய்யும்போதும் சப்ளையில் எழும் குலுக்கம் யூஎஸ்பியைத் துண்டிக்கும். இன்வெர்ட்டரில் லேப்டாப்பையும் படகு பேட்டரியில் ஜிபிஎஸ்ஸையும் மாட்டினால், இரண்டு கிரவுண்டுக்கும் நடுவில் ஓடும் மின்சாரம் அந்த மெல்லிய தகவல் கேபிள் வழியாகப் போகும். லேப்டாப் தன் சொந்த பேட்டரியில், ஜிபிஎஸ் தன் பென்சில் பேட்டரியில், இன்ஜின் அணைந்த நிலையில் செய்யுங்கள். ஓட்டத்தின்போதே லேப்டாப்பில் வரைபடம் பார்க்க வேண்டும் என்பவர்கள் யூஎஸ்பி ஐசொலேட்டர் (மின் தொடர்பைப் பிரித்து, தகவலை மட்டும் கடத்துவது) ஒன்றை நடுவில் போட வேண்டும். கூடவே, சும்மா இருக்கும் யூஎஸ்பியை உறங்கவைக்கும் விண்டோஸின் யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்டையும் அணைத்துவிடுங்கள்.

தேதி இருபது வருடம் பின்னால் காட்டுகிறது

பழைய ஜிபிஎஸ் சாட்டிலைட் சிக்னலில் வாரத்தை 10 பிட்டில் எண்ணும். 1024 வாரம் ஆனதும் எண்ணிக்கை பூஜ்யத்துக்குத் திரும்பும். முதலில் 1999 ஆகஸ்டில், அடுத்து 2019 ஏப்ரலில் அப்படித் திரும்பியது. பழைய கருவி இதை அறியாமல் 1024 வாரம், அதாவது 7168 நாள், பின்தங்கிய தேதியைக் காட்டும். இடம் காட்டுவதில் இதனால் பிசகு இல்லை. நம்பி ஓட்டலாம். இறக்கிய ட்ராக்கில் தேதி சரியாக வேண்டும் என்றால் ஜிபிஎஸ்பேபலின் ட்ராக் வடிகட்டியில் 7168 நாள் கூட்டச் சொல்லுங்கள். நேரம் மட்டும் ஐந்தரை மணி பின்தங்கினால் அது பழுதே அல்ல: இறக்கியதைச் சேமிக்கும் ஜிபிஎக்ஸ் கோப்பில் உலகப் பொது நேரம்தான் இருக்கும்.

இறங்கிய பாயிண்டுகள் வரைபடத்தில் தள்ளி விழுகின்றன

இதை அலட்சியமாக விடக் கூடாது. பாக் நீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும் 1974, 1976 ஒப்பந்தங்கள் வகுத்த கடல் எல்லையைப் பாயிண்டுகளாகப் போட்டு வைத்திருப்பவர்கள் உண்டு. சில நூறு மீட்டர் பிசகும் ஆளையும் படகையும் ஆபத்தில் விடும்.

காரணம் பெரும்பாலும் எழுதும் முறை. ஜிபிஎஸ் காட்டுவது பாகையும் தசம நிமிடமும்: 9° 15.500'. அதை ஒருவர் 9° 15' 50" என்று பாகை, நிமிடம், விநாடியாக எழுதிக்கொண்டால், 50 விநாடி என்பது 0.833 நிமிடம். வித்தியாசம் 0.333 நிமிடம். அட்சரேகையில் ஒரு நிமிடம் ஒரு கடல் மைல், 1852 மீட்டர். ஆக ஏறக்குறைய 617 மீட்டர் வடக்கே தள்ளிவிட்டார். காகிதத்திலிருந்து கையால் ஏற்றிய பாயிண்டுகளில்தான் இது நடக்கும்.

இரண்டாவது காரணம் டேட்டம், அதாவது அட்சரேகை, தீர்க்கரேகையைக் கணக்கிட எடுத்துக்கொள்ளும் பூமியின் அடிப்படை அளவு. கருவியில் இண்டியன் பங்களாதேஷ், இலங்கைக்கான கண்டவாலா என்று பல பெயர்கள் பட்டியலில் இருக்கும். டபிள்யூஜிஎஸ் 84 என்பதைத் தவிர வேறெதிலும் வைக்காதீர்கள். கடலில் நின்ற இடத்திலேயே மார்க் செய்த பாயிண்டு இதனால் கெடாது, கருவி உள்ளே சரியாகவே வைத்திருக்கும். டேட்டம் மாறியிருந்த நேரத்தில் எண்களைக் கையால் தட்டிய பாயிண்டுகள்தான் இடம் மாறியிருக்கும். சோதிக்க எளிய வழி: உங்கள் துறைமுகத்தின் தூண்டில் வளைவு முனையில் நின்று ஒரு பாயிண்டு மார்க் செய்து, அதையும் சேர்த்து இறக்கி, கூகுள் எர்த்தில் பாருங்கள். அது சரியான இடத்தில் விழுந்து, மற்றவை தள்ளி விழுந்தால், தள்ளி விழுந்தவை கையால் ஏற்றியவை. எல்லைப் பாயிண்டுகளை இன்னொரு படகின் கோப்பிலிருந்து வாங்கி அப்படியே ஏற்றாமல், மீன்வளத் துறை தரும் எண்களோடு ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள்.

வேறு கருவியில் ஏற்றும்போது பெயர் காணாமல் போகிறது, எண்ணிக்கை குறைகிறது

ஜிபிஎஸ் 12இலும் மஞ்சள் ஈட்ரெக்ஸிலும் பாயிண்டின் பெயருக்கு ஆறு எழுத்துதான் இடம். கணினியில் தமிழில் பெயர் வைத்தால் அந்தக் கருவிகளுக்குப் புரியாது, பெயர் வெறுமையாகவோ கேள்விக்குறியாகவோ போகும். நீளமான பெயர்கள் ஆறு எழுத்தில் வெட்டுப்படும்போது இரண்டு பாயிண்டுக்கு ஒரே பெயர் வந்தால், பின்னது முன்னதை அழித்துவிடும். எண்ணிக்கை குறைவது இதனால்தான். ஏற்றும் முன் ஆங்கிலப் பெரிய எழுத்தும் எண்ணும் மட்டும் கலந்து, பார் என்றால் ஓர் எழுத்து, கிழிசல் இடம் என்றால் ஓர் எழுத்து என்று முதலெழுத்து வைத்து, பின்னால் மூன்று இலக்க எண் போட்டுப் பெயர்களை மாற்றுங்கள். தமிழ்ப் பெயர் உள்ள அசல் கோப்பைத் தனியாக வைத்திருங்கள். இந்த இரண்டு மாடலிலும் மொத்தக் கொள்ளளவு 500 பாயிண்டு. அதற்கு மேல் ஏற்ற முடியாது.

நேரடி யூஎஸ்பி உள்ள மாடலைச் செருகினால் காம் போர்ட் வரவில்லை

ஜிபிஎஸ் 72எச், 76சிஎக்ஸ் போன்றவற்றில் மினி யூஎஸ்பி வாய் இருக்கும். அவை காம் போர்ட்டாகத் தோன்றாது, கார்மின் டிரைவர் வழியாகத்தான் பேசும். ஜிபிஎஸ்பேபலில் போர்ட் இருக்கும் இடத்தில் யூஎஸ்பி என்று கொடுக்க வேண்டும். லினக்ஸில் கார்மின்_ஜிபிஎஸ் என்ற கெர்னல் மாட்யூல் கருவியைப் பிடித்துவைத்து இடைஞ்சல் செய்தால் அதைத் தடைப்பட்டியலில் போடுங்கள்.

லேப்டாப்பில் ஓடுகிறது, ஃபோனில் ஓடவில்லை

ஓடிஜி அடாப்டர் வழியாக அதே கன்வெர்ட்டரை ஆண்ட்ராய்டு ஃபோனிலும் மாட்டலாம், ரூட் செய்யத் தேவையில்லை. சில ஃபோன்களில் ஓடிஜி என்பதை செட்டிங்ஸில் போய் இயக்க வேண்டும், சிறிது நேரம் சும்மா இருந்தால் அதுவே அணைந்தும் விடும். செருகியதும் அனுமதி கேட்கும் பெட்டி வரவில்லையென்றால் முதலில் அதைப் பாருங்கள். பெட்டி வந்து, அனுமதி கொடுத்தும் வரிகள் ஓடவில்லையென்றால் சீரியல் டெர்மினல் ஆப்பில் பாட் ரேட் 9600 அல்லது 115200 என்று இருக்கும், 4800க்கு மாற்றுங்கள். ஃபோனில் இப்படி என்எம்இஏ பார்ப்பது கேபிளைச் சோதிக்கப் போதும். பாயிண்டுகளை மொத்தமாக இறக்கும் வேலையை லேப்டாப்பிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

இறக்கி முடித்த உடனே, கருவியின் திரையில் காட்டும் பாயிண்டு எண்ணிக்கையையும் கோப்பில் உள்ள எண்ணிக்கையையும் ஒப்பிடுங்கள். இரண்டும் ஒத்துப்போனால், கோப்பின் ஒரு பிரதியைப் பென் டிரைவிலும், ஒரு பிரதியை வீட்டில் இன்னொருவர் ஃபோனிலும் போட்டுவிட்டு, அதன்பிறகு பேட்டரியைக் கழற்றுங்கள்.